கொழும்பிலிருந்து சர்வதேச வேலைமுகாம்: நெடுநாள் பாவனைக்குப் பின் ஒரு கணக்கு

சிரமதானம், அதாவது கூலியில்லாமல் ஊர்கூடிச் செய்யும் பொதுவேலை, என்றால் கொழும்பில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். ஒரு ஞாயிறு காலை, நாலு மண்வெட்டி, ஒரு வாளி தேத்தண்ணீர், பகல் சாப்பாட்டோடு கலைந்துவிடலாம். சர்வதேச வேலைமுகாமும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் இரண்டு வாரம் கலைய முடியாது. ஐந்தாறு நாட்டவர் பத்துப் பதினைந்து பேருக்கு ஒரே கூரை, ஒரே சமையலறை. வில்லங்கமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது, பெறுமதியும் அங்கேதான்.

முதல் முகாமே அப்படித்தான் போனது. சுவிட்சர்லாந்துக்காரர் பியர் செரசோல் 1920இல் பிரான்ஸின் வெர்டனுக்கு அருகே, போரில் சிதைந்த எஸ்ன் கிராமத்துக்கு ஒரு சிறு குழுவோடு போனார். குழுவில் ஜெர்மானியரும் இருந்தார்கள். போர் ஓய்ந்து இரண்டே வருடம். ஊர் பொறுக்கவில்லை, சில மாதங்களில் வேலையை நிறுத்தவேண்டி வந்தது. ஆனாலும் சேர்விஸ் சிவில் இன்டர்நேஷனல், சுருக்கமாக எஸ்.சி.ஐ., அங்கிருந்துதான் வளர்ந்தது. 1928இல் வெள்ளம் அழித்த லீக்டன்ஸ்டைனில் பல நாட்டுத் தொண்டர்கள் நூற்றுக்கணக்கில் மண் அள்ளினார்கள். 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் செரசோலே இந்தியா வந்து கிராமங்களைக் கட்டும் பணியில் இறங்கினார். 1948இல் யுனெஸ்கோவின் ஆதரவில் பாரிஸில் இவ்வகை அமைப்புகளுக்கான ஒருங்கிணைப்புக் குழு உருவானது. அதற்குப் பத்து வருடம் கழித்து, 1958இல், கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ.ரி. ஆரியரத்ன மாணவர்களைக் கனத்தொலுவ கிராமத்துக்குக் கூட்டிப்போனதுதான் இலங்கையின் சர்வோதய சிரமதான இயக்கத்தின் தொடக்கம். இரண்டு வழிகளும் வேறு; மண்வெட்டி ஒன்று.

பாவனைக்கு வருவோம். நல்ல அம்சம்: வெளிநாட்டு முகாமுக்கு நேரே எழுதத் தேவையில்லை, உங்கள் நாட்டு எஸ்.சி.ஐ. கிளையே அனுப்பிவைக்கும். கோடைகாலப் பட்டியல் வசந்தத்தில் வரும். தங்குமிடமும் சாப்பாடும் முகாமின் பொறுப்பு. விமானச்சீட்டு, காப்புறுதி, விசா உங்கள் பொறுப்பு.

விசாதான் இதன் மிகப் பலவீனமான இடம். ஒரு ஜெர்மானியர் இரண்டு வாரத்துக்கு முன் முடிவெடுத்துப் போகலாம். வெள்ளவத்தையிலிருந்து போகிறவர் நாலு மாதம் முன்பே தொடங்கவேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழமையாக 15 நாள், இழுபட்டால் 45 நாள். காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. கடவுச்சீட்டு திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகவேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் இருக்கவேண்டும். நம்மவருக்குத் தனியாக ஒரு தொல்லை: தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும். அழைப்புக் கடிதம் எழுதுபவர் எது குடும்பப் பெயர் என்று தெரியாமல் மாற்றிப்போடுவார், அல்லது தலைப்பெழுத்தை மட்டும் போடுவார். கடவுச்சீட்டின் தரவுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். கடிதம் வந்ததும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

இங்கே முகாம் நடத்துவதானால் முதலில் காலத்தைப் பாருங்கள். ஐரோப்பிய மாணவருக்கு விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். தென்மேல் பருவமழையில் கொழும்புப் பக்கம் மழையும் டெங்கு நுளம்பும். மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் அப்போது காய்ந்து கிடக்கும். கட்டட வேலை என்றால் அங்கே வையுங்கள். காலை 6.30 முதல் 10.30 வரை, பின்னேரம் 3.30 முதல் 5.30 வரை, ஆறு மணித்தியாலம் போதும். நடுப்பகலில் வேலை வாங்கினால் மூன்றாம் நாளே பாதிப்பேர் பாயில் கிடப்பார்கள். ஜீவனி பைக்கற்றுகளை, அதாவது உடலில் நீர் வற்றினால் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூளை, பெட்டியில் வையுங்கள். ஒரு பைக்கற்றுக்குக் கொதித்தாறிய நீர் ஒரு லீற்றர், குறைக்கக்கூடாது.

ஆளுக்கொரு மண்வெட்டி வாங்குவது வீண்செலவு. பன்னிரண்டு பேருக்கு ஐந்து மண்வெட்டி, இரண்டு அலவாங்கு, பத்துத் தாச்சி. ஒருவர் வெட்ட, மற்றவர் தாச்சியில் அள்ளிக் கைமாற்றினால் வேலையும் ஓடும், கையும் பொக்களிக்காது. கையுறை ஆளுக்கு இரண்டு சோடி. ஒன்று எப்படியும் நனைந்துதான் கிடக்கும். முகாமில் இரண்டு வாரத்தில் எழும்பும் சுவரை உள்ளூர் மேசன் ஒருவர் சில நாளில் எழுப்பிவிடுவார். சுவருக்காக மட்டும் முகாம் வைக்கிறவர் மேசனுக்கே அந்தக் காசைக் கொடுக்கலாம்.

ஆண்டுதோறும் எஸ்.சி.ஐ. கிளைகளின் பிரதிநிதிகள் கூடும் சர்வதேசக் கூட்டத்தில் பாதி நேரம் விதிமுறையிலும் வரவுசெலவிலும் போகும். மற்றப் பாதி தேநீர் இடைவேளை. அடுத்த வருட முகாம்கள் அங்கேதான் பேசி முடிவாகின்றன.

சமையல் முறை போட்டு நடக்கட்டும், ஒவ்வொரு நாட்டவருக்கும் ஒரு இரவு. நம் முறை வந்தால் பதினைந்து பேருக்கு அரிசி மூன்று கிலோ, பருப்பு முக்கால் கிலோ, தேங்காய் நாலு. மரக்கறி மட்டும் சாப்பிடுவோர் எப்போதும் மூன்று நாலு பேர் இருப்பார்கள். மாசிக் கருவாட்டுச் சம்பலைப் புறம்பான கிண்ணத்தில் வையுங்கள், கரண்டியும் புறம்பாக.