நாரி நோவுக்கு 90,000 ரூபா முதலே கட்டச் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்

யாழ்ப்பாண நகருக்குள் கைரோபிரக்டிக் (முள்ளந்தண்டைக் கையால் அழுத்தித் திருப்பிச் செய்யும் வைத்தியம்) என்று பலகை போட்ட ஒரு இடத்தில் 90,000 ரூபாவைக் கொடுத்துவிட்டு வயிறெரிந்து எழுதுகிறேன். முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. ஏசி அறை, மேசையில் பிளாஸ்டிக் முள்ளந்தண்டு, வெள்ளைக் கோட்டு. அப்படியான இடம்.

அம்மாவுக்கு நெடுநாள் நாரிப்பிடிப்பு. எண்ணெய் பூசி, புக்கை கட்டி எல்லாம் பார்த்தாயிற்று. லண்டனில் இருக்கும் சித்திதான் "இங்கை எல்லாரும் கைரோவிட்டைத்தான் போறவை" என்று சொன்னார். அங்கே 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்யாத ஒருவர் தன்னைக் கைரோபிரக்டர் என்று சொன்னாலே குற்றம். அந்தக் கதை சித்தி சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்து அந்தக் கைரோ ஆள் குனிந்து அம்மாவின் செருப்பைத் தானே கழற்றினார். "பயப்பிடாதேங்கோ அம்மா, என்ரை அம்மாவுக்கும் இதே நோதான்" என்றார். பெற்ற பிள்ளைகூட இப்படிக் கதைக்காது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டார். "இந்த எலும்பு விலகி நரம்பை நசுக்குது. இப்ப பாக்காட்டி சக்கர நாற்காலிதான்." அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். 24 தடவைக்கு ஒரு பக்கேஜ், முழுக்காசும் இன்றைக்கே கட்டினால் கழிவு. அம்மாவின் சீட்டுக்காசு 90,000 அப்படியே போனது. அம்மா இரத்தம் உறையாமல் இருக்க வாஃபரின் எடுப்பவர். கிளினிக் கொப்பி மடியில்தான் இருந்தது. என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதுகில் 'டக்' என்று கேட்டதும் "எலும்பு இடத்துக்கு வந்திட்டுது" என்றார். சுத்தப் பொய். விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்கிற அதே சத்தம்தான், மூட்டுத் திரவத்துக்குள் வாயுக் குமிழி உண்டாகிறது. பிறகு கழுத்தை வெடுக்கென்று திருப்பினார். நாரி நோவென்று வந்தவரின் கழுத்தில் இவருக்கு என்ன வேலை?

அன்று பின்னேரமே அம்மாவுக்குத் தலைசுற்று, சத்தி. பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கானில் ஒன்றுமில்லை, கடவுள் புண்ணியம். டொக்டர் அதே எக்ஸ்ரேயைப் பார்த்து, "வயசுக்கு வாற தேய்வுதான், விலகல் ஒண்டுமில்லை" என்றார். கழுத்தை அப்படித் திருப்பினால், அருமையாக என்றாலும், மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாமாம்.

காசைத் திருப்பிக் கேட்டேன். வரவேற்பில் இருந்த பிள்ளை, "நோ கூடினா திருந்துது எண்டு அர்த்தம் அக்கா, அடுத்த அப்பொயின்ட்மென்ட் போடட்டோ?" என்றது. அடுத்தமுறை கேட்டால் சேர் கொழும்பில். வைபரில் செய்தியைப் பார்த்தார்கள், பதில் இல்லை. கடைசியில் "பக்கேஜ் காசு திருப்பிக் குடுக்கிறேல்லை, துண்டிலை பின்னுக்குப் போட்டிருக்கு" என்றார்கள். காசு கட்டிய துண்டின் பின்பக்கம் வெறும் வெள்ளை! 90,000 ரூபா!

புதிதாகப் போகிறவர்களுக்கு விபரமாக எழுதத்தான் இருந்தேன், கோபத்தில் ஓடவில்லை. முழுக்காசும் முதலே கட்டாதீர்கள். எங்கே படித்தார், எதில் பதிவு என்று கேளுங்கள். இரத்தம் உறையாமல் எடுக்கிற மருந்து, எலும்பு அடர்த்திக் குறைவு இருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கழுத்தைத் தொட விடவே வேண்டாம். காலிடுக்கு விறைத்தால், சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போனால், கால் சோர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி; 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும். சாதாரண நாரிப்பிடிப்பு பெரும்பாலும் படுக்காமல் நடமாடினால் சில கிழமையில் தானே தணியும். ஒழுங்காகப் படித்தவர் செய்யும் கைரோகூட நாரி நோவுக்கு உடற்பயிற்சி அளவுக்குத்தான் உதவும். அரசாங்க ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிக்குக் காசே இல்லை.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் துண்டை எறியாதீர்கள். நுகர்வோர் விவகார அதிகார சபை இலக்கம் 1977.