சென்ஸ்பாயிண்ட் எக்ஸ்சிடி: பச்சை விளக்கை மட்டும் நம்பக் கூடாத நல்ல கருவி

கோவை குறிச்சி சிட்கோவில் உள்ள எங்கள் பவுடர் கோட்டிங் (உலோகத்தின் மீது பவுடரைப் பூசிச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும்) கூடத்தில் ஓவன்கள் எல்.பி.ஜி.யில் இயங்குகின்றன. சிலிண்டர்களை ஒன்றாக இணைக்கும் மானிஃபோல்ட் இருக்கும் கொட்டகையிலும் பர்னருக்கு எரிவாயு வரும் குழாய்ப் பகுதியிலும் ஹனிவெல் நிறுவனத்தின் சென்ஸ்பாயிண்ட் எக்ஸ்சிடி என்ற, ஒரே இடத்தில் நிலையாக இருந்து எரிவாயுக் கசிவைக் கண்டறியும் கேஸ் டிடெக்டரைப் பொருத்தியிருக்கிறோம். கருவியில் எனக்குத் திருப்தியே. ஆனால் அதை வாங்குவதைவிடப் பொருத்துவதிலும் பராமரிப்பதிலும்தான் கவனம் அதிகம் தேவைப்படுகிறது.

வயரிங் செய்ய வந்தவர், திரையைப் படிக்க வசதியாக இருக்கும் என்று கண் உயரத்தில் துளை போடத் தொடங்கினார். எல்.பி.ஜி.யில் உள்ள புரொப்பேன் காற்றைவிடச் சுமார் ஒன்றரை மடங்கும் பியூட்டேன் இரண்டு மடங்கும் கனமானவை, கசியும் எல்.பி.ஜி. தரையை ஒட்டித்தான் பரவும். ஆகவே தரையிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்தில், சென்சார் கீழ்நோக்கி இருக்கும்படி மாற்றிப் பொருத்தச் சொன்னோம். குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு வேறு வழியில்லை.

இக்கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது, மூடியைத் திறக்காமலே ஒரு காந்தக் குச்சியால் எல்லா அமைப்புகளையும் மாற்ற முடிவதுதான். எரிவாயு இருக்கக்கூடிய இடத்தில் மின்சாரத்தைத் துண்டிக்காமல் ஃபிளேம்புரூஃப் (உள்ளே எழும் தீயை வெளியே பரவவிடாத) பெட்டியைத் திறக்கக் கூடாது என்பதால் இது வெறும் வசதி மட்டுமல்ல. மெனுவில் ஒவ்வொரு படியாக நகர்வதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். திரையின் நிறம் இயல்பு நிலையில் பச்சையாகவும், பழுதில் மஞ்சளாகவும், அலாரத்தில் சிவப்பாகவும் மாறுவதால் தூரத்திலிருந்தே நிலைமை தெரிந்துவிடுகிறது.

காற்றில் வாயு எவ்வளவு கலந்தால் தீப்பற்றக்கூடுமோ அந்தக் குறைந்தபட்ச அளவுதான் வெடிப்பின் கீழ் எல்லை, அதாவது எல்.இ.எல். முதல் அலாரத்தை அந்த எல்லையின் 20 சதவீதத்திற்கும், இரண்டாவதை 40 சதவீதத்திற்கும் வைத்திருக்கிறோம். புரொப்பேனின் கீழ் எல்லை காற்றில் சுமார் 2.1 சதவீதம் என்பதால், காற்றில் 0.42 சதவீதம் கலந்தாலே ஹூட்டர் (அபாயச் சங்கு) ஒலிக்கும். இரண்டாம் அலாரம் எரிவாயுவை நிறுத்தும் சோலினாய்டு வால்வை (மின்சாரத்தால் இயங்கும் அடைப்பானை) மூடிவிடும். கருவி பூஜ்ஜியத்திற்கு 4, எல்.இ.எல்.லின் நூறு சதவீதத்திற்கு 20 மில்லி ஆம்பியர் என்ற கணக்கில் சிக்னல் தருவதால், 20 சதவீதத்தில் 7.2 மில்லி ஆம்பியர் வர வேண்டும். மல்டிமீட்டரை வைத்து அதைப் பார்த்துவிட்டு, கண்ட்ரோல் பேனலும் அதே 20ஐக் காட்டுகிறதா என்று சரிபார்ப்பது அவசியம். பேனலின் அளவெல்லை வேறாக அமைக்கப்பட்டிருந்தால் கருவி ஒன்று சொல்லும், பேனல் வேறொன்று சொல்லும்.

எரியும் வாயுக்களுக்காக இதில் வரும் கேட்டலிடிக் சென்சாரின் இயல்பை வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டும். வாயு அதனுள் சூடாக இருக்கும் மணியின் (பாசிமணி போன்ற சிறு உருண்டையின்) மீது எரிந்தால்தான் அளவீடு கிடைக்கும். சிலிக்கோன் ஸ்பிரேயோ சீலன்ட்டோ அருகில் பயன்படுத்தப்பட்டால், அதன் ஆவி அந்த மணியைச் செயலிழக்கச் செய்துவிடும். அப்படிச் செயலிழந்த சென்சார் பழுது என்று காட்டாமல் பூஜ்ஜியத்தையே காட்டிக்கொண்டிருக்கலாம். திரையும் பச்சையாகவே இருக்கும். எங்கள் தொழிலில் இன்னொரு தொல்லையும் உண்டு: பறக்கும் பவுடர் சென்சாரின் முகப்பை அடைத்துவிட்டால் வாயு தாமதமாகவே உள்ளே போகும். இந்த இரண்டையும் கண்டுபிடிக்க, அளவு தெரிந்த கேலிபரேஷன் வாயுவைச் செலுத்திப் பார்ப்பது ஒன்றே நம்பகமான வழி. அதற்கான சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கருவியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். டீலர் கொடுக்கும் விலைப்பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

சிகரெட் லைட்டரைச் சென்சாரின் அருகில் அழுத்திச் சோதிக்கும் பழக்கம் பல தொழிற்கூடங்களில் இருக்கிறது. அலாரம் ஒலிக்கும், பார்ப்பவருக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் சென்சார் எத்தனை சதவீதத்தில் விழித்தது என்பது தெரியாது. அளவுக்கு மீறிய வாயு மணியைக் கெடுக்கவும் செய்யும். பூஜ்ஜியத்தைத் திருத்தும்போதும் சுற்றிலும் சுத்தமான காற்று இருப்பது உறுதியாக வேண்டும். சிறு கசிவு இருக்கும்போது திருத்தினால், அந்தக் கசிவையே கருவி பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும்.

குழாய்வழி இயற்கை எரிவாயுவுக்கு மாற நினைப்பவர்கள் இதே கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். ஆனால் இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேன் காற்றைவிட இலேசானது, அதன் கீழ் எல்லையும் சுமார் 5 சதவீதம் என்பதால், டிடெக்டரைக் கூரைக்கு அருகே மாற்றிப் பொருத்தி, மீத்தேனை வைத்தே மறுபடியும் கேலிபரேட் செய்ய வேண்டியிருக்கும்.