பீட்டில்ஸ் 'கெட் பேக்': 8 மணி நேரம் உக்காந்தது கடைசி ஒரு ஜோக்குக்கா?

பீட்டில்ஸ்னா ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோனு நாலு பேர் இருந்த இங்கிலாந்து ராக் பேண்ட். அவங்க 1969ல பாட்டு போட்டதக் காட்டற, டைரக்டர் பீட்டர் ஜாக்சன் பண்ண 'கெட் பேக்' டாக்குமெண்டரிய 2021ல வந்தப்பவே ஆரம்பிச்சு, முதல் பாகத்துல பாதியிலயே தூங்கிட்டேன். மூணு பாகமும் சேர்ந்து கிட்டத்தட்ட 8 மணி நேரம், யாருக்குங்க அவ்ளோ பொறுமை! டீ குடிக்கறாங்க, சிகரெட் பிடிக்கறாங்க, ஒரே பாட்ட திரும்பத் திரும்ப உருட்டறாங்க, நடுவுல ஜார்ஜ் ஹாரிசன் கோச்சுக்கிட்டு பேண்டே வேணாம்னு கிளம்பிடறாரு. போன வாரம்தான் பல்லக் கடிச்சுக்கிட்டு முழுசா முடிச்சேன்.

மூணாவது பாகத்துல வர்ற மொட்டை மாடி கச்சேரி இருக்கே, செம. 1969 ஜனவரி 30, லண்டன், சாவில் ரோ தெருவுல 3ம் நம்பர் பில்டிங். குளிர் தாங்காம ஜான் லெனன் காதலி யோகோவோட ஃபர் கோட்ட மாட்டிட்டு நிக்கறாரு, ரிங்கோ பொண்டாட்டியோட சிவப்பு ரெயின்கோட்டுல. மொத்தம் 10 கேமரா, ஸ்கிரீனப் பிரிச்சு மாடி, தெரு, கீழ வாசல்ல வந்து நிக்கற போலீஸ்னு எல்லாத்தையும் ஒண்ணா காட்டறாங்க. போலீஸ் மாடிக்கே வந்துடுது, பால் மெக்கார்ட்னி அசரவே இல்ல, திரும்பவும் மாடியில வாசிக்கறியா, அம்மாவுக்குப் பிடிக்காதே, உன்ன அரெஸ்ட் பண்ண வெச்சுடுவாங்கன்னு பாட்டுக்குள்ளயே கலாய்க்கறாரு.

42 நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சுது. லெனன் மைக்க பிடிச்சு, குரூப் சார்பாவும் எங்க சார்பாவும் நன்றி, ஆடிஷன்ல பாஸாகியிருப்போம்னு நம்பறேன்னு சொல்லிட்டு கிளம்பறாரு. 1962ல டெக்காங்கற ரெக்கார்ட் கம்பெனி ஆடிஷன் எடுத்து வேணாம்னு சொன்ன பசங்க, உலகத்தையே ஆட்டி வெச்சதுக்கு அப்புறம் இப்படிக் கேக்கறாங்க. அதுக்கப்புறம் நாலு பேரும் சேர்ந்து ஜனங்க முன்னாடி வாசிக்கவே இல்ல. லெனனுக்கு இந்த வாய் ரொம்ப நாளாவே உண்டு, 1963ல இங்கிலாந்து ராணியோட அம்மா உக்காந்திருந்த ஷோவுல கடைசிப் பாட்டுக்கு முன்னாடி, சீப் சீட்டுல இருக்கறவங்க கை தட்டுங்க, மத்தவங்க நகைய குலுக்கினா போதும்னு சொன்ன ஆளு.

பீட்டில்ஸோட 'லெட் இட் பி' ஆல்பத்துலயும் இந்த ஆடிஷன் வசனம் கடைசியில வரும், ஆனா அங்க ஸ்டுடியோவுல வாசிச்ச பாட்டோட வாலுல வெட்டி ஒட்டினது. பல தடவை கேட்டிருக்கேன், சும்மா சிரிச்சுட்டு விட்டுட்டேன். இங்க அந்த சண்டை சச்சரவு எல்லாம் பார்த்து சலிச்சுப் போய் உக்காந்திருக்கறப்போ கேட்டா வேற மாதிரி இருக்கு, சிரிப்பும் வருது தொண்டையும் அடைக்குது. அதனால நேரா மாடி சீனுக்கு ஓட்டிடாதீங்க. ரெண்டாவது பாகத்துல கொஞ்சம் வெட்டியிருக்கலாம், அது உண்மை. சப்டைட்டில் கண்டிப்பா போட்டுக்கோங்க, அந்த லிவர்பூல் இங்கிலீஷ் எனக்கு பாதி புரியல.