கேப் டவுன் மழைக்கு ரோடு பைக்கில் 28 டயர்: சில குளிர்காலம் ஓட்டிய பிறகு

டர்பனில் இருக்கும் மாமா, "குளிர்காலத்துக்கு எதுக்குடா தனி டயரு?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான், அங்கே மழை கோடையில் பெய்யும், குளிர்காலம் காய்ந்து கிடக்கும். கேப் டவுனில் தலைகீழ். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வடமேற்குக் காற்றும் மழையும் மாறி மாறி வரும், ஜூன் கடைசியில் விடியவே ஏழே முக்கால் தாண்டிவிடும். 2018இல் குழாயில் தண்ணீர் நின்றுவிடுமோ என்று பயந்த ஊர் இது என்பதால் மழையைத் திட்ட மனசு வராது, ஆனால் அதில் சைக்கிள் ஓட்டி வேலைக்குப் போவது வேறு விஷயம்.

என் வழி ரைலாண்ட்ஸிலிருந்து கிளிப்ஃபொன்டைன் ரோடு, மௌப்ரே, அப்சர்வேட்டரி, சால்ட் ரிவர், உட்ஸ்டாக், அப்புறம் நகர மையம். காலையில் காற்று முகத்தில்தான். வண்டி, கேப் டவுனில் ஆண்டுதோறும் நடக்கும் 109 கி.மீ. சைக்கிள் டூர் ஓட்டும் ஆசையில் வாங்கிய அலுமினிய ரோடு பைக், ரிம் பிரேக் (சக்கர வளையத்தை இரு பக்கமும் கட்டைகள் அழுத்திப் பிடிக்கும் பிரேக்) வைத்தது. அதில் 25 மி.மீ. அகல டயரை எடுத்துவிட்டு 28 மி.மீ. போட்டேன், இனி திரும்பப் போவதில்லை.

வித்தியாசம் முழுக்கக் காற்றழுத்தத்தில் இருக்கிறது. 25இலிருந்து 28க்குப் போனால் டயரின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறக்குறைய கால் பங்கு கூடும், அதனால் ரிம் தரையில் இடிக்காமல் அழுத்தத்தைக் குறைக்கலாம். முன்பு 90 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அளவு) மேல் அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது முன்னால் 65, பின்னால் 75 பிஎஸ்ஐ (பையோடு சேர்த்து 80 கிலோ சொச்சம் நான், உங்கள் எடைக்கு மாறும்). அகல டயர் போட்டும் பழைய அழுத்தத்தையே அடித்தால் காசுதான் வீண். கிளிப்ஃபொன்டைன் ரோட்டில் ஒட்டுப்போட்ட தாரில் கை மரத்துப்போவது நின்றது, ஈரத்தில் திருப்பும்போது முன்சக்கரம் தடதடவென்று துள்ளாமல் தரையைப் பிடித்துக்கொண்டே போகிறது. வேகம் குறைந்ததா என்றால், இந்த ரோட்டில் இல்லை.

டயரில் வெட்டுக்கோடு நிறைய இருந்தால்தான் மழைக்கு நல்லது என்று கடையில் சொல்வார்கள், நம்ப வேண்டாம். காருக்கு அது சரி. சைக்கிள் டயர் ஒடுக்கம், உருண்டை, அழுத்தமும் அதிகம், நாம் போகும் வேகத்தில் தண்ணீர்மேல் மிதக்கவே மிதக்காது. தார் ரோட்டில் பிடிமானம் தருவது ரப்பரின் தன்மை. வெள்ளைக்கோடு, சாக்கடை இரும்பு மூடி, இந்த இரண்டிலும் எந்த டயரும் காப்பாற்றாது, நேராகப் போங்கள், அங்கே திருப்பாதீர்கள், பிரேக்கும் பிடிக்காதீர்கள்.

சரி, வண்டியில் நுழையுமா? வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது இதுதான். ரிம் பிரேக் வண்டியில் முதலில் முட்டும் இடம் பிரேக்கின் அடிப்பாகம், அடுத்து முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் மேல்மூலை, பின்னால் பெடல் அச்சுக்குப் பக்கத்தில் இரண்டு குழாய்களுக்கு நடுவே. இருக்கிற டயருக்கும் இந்த இடங்களுக்கும் நடுவில் 8 மி.மீ. ஆலன் கீயை (அறுகோணச் சாவி) விட்டுப் பாருங்கள், தாராளமாகப் போனால் 28க்கு வாய்ப்பு உண்டு. போட்ட பிறகும் சுற்றிலும் 4 மி.மீ. இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈர மணலும் இலையும் சிக்கிக்கொண்டு ஃப்ரேமை அரிக்கும். டயரில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பாதீர்கள், ரிம் அகலமானால் டயரும் விரியும். என் ரிம்மின் உள்ளகலம் 19 மி.மீ., 28 என்று போட்ட டயர் அளந்தால் 29ஐத் தொடுகிறது.

மட்கார்டுக்கு இடம் போய்விட்டது. அது பெரிய நஷ்டம்தான், மழையில் நனைவதைவிடப் பின்சக்கரம் முதுகில் அடிக்கும் சேறு மோசம். சீட் தண்டில் மாட்டும் பின்பக்க மட்கார்டை வைத்து ஓட்டுகிறேன், கால் நனையத்தான் செய்யும். இன்னொரு தொல்லை, காற்று நிரம்பிய 28 என் பிரேக் கட்டைகளுக்கு நடுவே நுழையாது, பிரேக்கைத் தளர்த்தும் சின்ன நெம்புகோலைத் திறந்தாலும். பஞ்சர் ஒட்டினால் காற்றில்லாமல் சக்கரத்தை மாட்டிவிட்டு அப்புறம்தான் பம்ப் அடிக்க வேண்டும். ரோட்டோரத்தில் கொட்டும் மழையில் இது எரிச்சல்.

பஞ்சர் குறைந்தது, ஆனால் அதற்கு அகலத்தைவிட டயருக்குள் இருக்கும் பாதுகாப்புப் பட்டைதான் காரணம் என்று நினைக்கிறேன். உட்ஸ்டாக் பக்கம் உடைந்த பாட்டில் கண்ணாடிக்குக் குறைவில்லை, ஈரத்தில் கண்ணாடி ரப்பருக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஞாயிற்றுக்கிழமை டயரைச் சுற்றிப் பார்த்துச் சின்னச் சில்லுகளை ஊசியால் நோண்டி எடுத்துவிடுகிறேன், அதுவே பாதி பஞ்சரைத் தடுக்கிறது.

பிரேக் விஷயத்தில் 28 எதையும் மாற்றவில்லை. நனைந்த ரிம் பிடிக்க ஒரு நொடி தாமதமாகும், மணல் ரிம்மைத் தேய்க்கும், சிக்னலுக்கு முன்பே லேசாகப் பிடித்து ஈரத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். டிஸ்க் பிரேக் வண்டி இருந்து ஃப்ரேமும் இடம் கொடுத்தால் நேராக 32க்கே போங்கள், மட்கார்டுக்கு இடம் மிஞ்சுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 25இலிருந்து 28க்கு மாறினால் ஸ்பீடோமீட்டரில் சக்கரச் சுற்றளவையும் 2105இலிருந்து 2136 மி.மீ.க்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஓட்டிய தூரத்தைக் குறைத்துக் காட்டும்.