பழைய பல்சரக்குக் கடை: வியாபாரமா, அருங்காட்சியகமா?

அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியில், வாலே குரூசிஸ் ஊரில் 1883-இல் தொடங்கிய கடை மாஸ்ட் ஜெனரல் ஸ்டோர். தொட்டில் முதல் சவப்பெட்டி வரை எல்லாம் கிடைக்கும் என்று பெயரெடுத்தது. கையில் காசில்லாதவர்கள் கோழியைக் கொடுத்துச் சாமான் வாங்கினார்கள். அந்தக் கோழிகளைக் கீழே உள்ள கூண்டில் இறக்கிவிடத் தரையில் ஒரு சின்னக் கதவு உண்டு. இன்றும் அதைப் பார்க்கலாம். 1977-இல் மூடிய கடையை கூப்பர் தம்பதி வாங்கி 1980-இல் மறுபடி திறந்தார்கள். விறகடுப்பும் தபால் நிலையமும் அப்படியே இருக்க, வியாபாரம் நடக்கிறது.

ஃபுளோரிடாவின் சொக்கலோஸ்கீ தீவில் இருக்கும் ஸ்மால்வுட் கடையின் கதை வேறு. 1906-இல் தொடங்கியது, செமினோல் பழங்குடியினரிடமிருந்து தோல் வாங்கிச் சாமான் விற்றது. 1924 புயலுக்கு அப்புறம் கட்டடத்தையே தூக்கி மரத்தூண்கள் மேல் நிறுத்தினார்கள். 1982 வரை வியாபாரம் நடந்தது. பிறகு ஸ்மால்வுட்டின் பேத்தி அதை அருங்காட்சியகமாக்கினார். பழைய சரக்குகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன.

வரலாற்றை மாறாமல் பார்க்க ஸ்மால்வுட்தான் சரி. மாஸ்டில் இன்றைய சுற்றுலாப் பயணிக்கான சரக்கும் கலந்திருக்கும். ஆனாலும் என் ஓட்டு மாஸ்டுக்கே. கடை என்றால் கல்லாவில் காசு விழ வேண்டும், ஊர்க்காரர் கடிதம் எடுக்க வர வேண்டும். கூரை ஒழுகினால் சரிசெய்யும் பணமும் அந்த விற்பனையிலிருந்தே வரும்.