புது டிஃபெண்டரா, மூன்று வருஷம் ஓடிய டிஃபெண்டரா?

ஒரு கோடி ரூபாய் காருக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி மட்டும் இருபது லட்சம். புதுசு எடுப்பதா, செகண்ட் ஹேண்ட் எடுப்பதா என்று யார் கேட்டாலும் நான் இந்த எண்ணிலிருந்துதான் ஆரம்பிப்பேன். 2023 நவம்பரில் வரியைத் திருத்தியபோது 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார்களுக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம் ஆனது. அதற்கு முன்பு 15 சதவீதம்தான். இந்தப் பணம் காரோடு போய்விடும், திரும்பி வராது. அடுத்து வாங்குகிறவர் காருக்குத்தான் விலை பேசுவார், நீங்கள் கட்டிய வரிக்கு அல்ல.

லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110-ஐயே எடுத்துக்கொள்வோம். இன்று சொகுசும் வேண்டும், காட்டுப் பாதையும் ஏறவேண்டும் என்பவர்கள் முதலில் விசாரிப்பது அதைத்தான். எக்ஸ் ஷோரூம் ஏறத்தாழ ஒரு கோடி என்று வைத்துக்கொண்டால், சாலை வரி 20 லட்சம், இன்ஷூரன்ஸ் மூன்று நான்கு லட்சம். டி.சி.எஸ். என்று ஒரு சதவீதம் பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். எப்படியும் 1 கோடியே 24 லட்சத்தை நெருங்கிவிடும். அதே கார் மூன்று நான்கு வருஷம் ஓடி 75 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்றால், நடுவில் இருக்கும் ஐம்பது லட்சத்துக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காமல் போகிறது என்பதுதான் கேள்வி.

புதுசு எடுப்பவருக்கு முதலில் கிடைப்பது வாரண்டி. பல பிராண்டுகள் மூன்று வருஷம் தருகின்றன, அது முடிவதற்குள் பணம் கட்டி நீட்டித்துக்கொள்ளலாம். அடுத்தது, தேர்வு உங்களுடையது. இது சின்ன விஷயமில்லை. டிஃபெண்டர் இந்தியாவுக்கு 2020 அக்டோபரில் வந்தபோது 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினோடுதான் வந்தது, டீசல் அடுத்த வருஷம்தான் வந்தது. பெட்ரோல் 300 குதிரைத்திறன், டார்க் எனப்படும் முறுக்குவிசை 400 நியூட்டன் மீட்டர். அப்போது வந்த 3 லிட்டர் டீசலும் அதே 300 குதிரைத்திறன்தான், ஆனால் டார்க் 650. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியைக் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஆளோடும் சாமானோடும் ஏற்றிப் பாருங்கள், அந்த 250-இன் அருமை தெரியும். செகண்ட் ஹேண்டில் உங்களுக்குக் கிடைப்பது முதல் ஓனர் எடுத்த முடிவு. அவர் பெட்ரோல் எடுத்திருந்தால் உங்களுக்கும் பெட்ரோல்தான்.

புதுசில் இன்னொரு பாதுகாப்பு, பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப்ரிசியேஷன் இன்ஷூரன்ஸும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் கவரும். கார் வெள்ளத்தில் முழுசாகப் போனாலோ திருடு போனாலோ பில் தொகையே கிடைக்கும் வழி இந்த இரண்டாவது. பழைய காரில் ஐ.டி.வி. கணக்குதான், அதாவது காரின் அன்றைய மதிப்பு என்று இன்ஷூரன்ஸில் எழுதிய தொகை. இன்ஷூரன்ஸ் அட்டவணைப்படி ஒரு வருஷம் முடிந்ததும் 20 சதவீதம் கழியும், மூன்று வருஷம் முடிந்ததும் 40 சதவீதம், நான்கு முடிந்ததும் பாதி. கடன் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள்: பழைய காருக்கு வட்டி அதிகம், தவணைக் காலம் குறைவு.

இவ்வளவு சொன்ன பிறகும், பணக் கணக்கில் செகண்ட் ஹேண்ட்தான் ஜெயிக்கிறது. சந்தேகமே இல்லை. முதல் மூன்று வருஷச் சரிவை வேறொருவர் தாங்கியிருக்கிறார், சாலை வரியையும் அவரே கட்டியிருக்கிறார். தவிர, புதுக் காரின் விலையே கீழே வரக்கூடும் என்ற அபாயமும் இப்போது இருக்கிறது. 2024-இல் ரேஞ்ச் ரோவரை இங்கேயே பொருத்தப்போவதாக அறிவித்ததும் அதன் விலை பல பத்து லட்சம் இறங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்.யூ.வி.களுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதமாக இருந்தது 40 ஆனது, டிஃபெண்டர் விலையும் லட்சக்கணக்கில் குறைந்தது. அதற்கு முந்தைய மாதம் முழு விலை கொடுத்து வாங்கியவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். டிஃபெண்டர் ஸ்லோவாக்கியாவின் நித்ரா ஆலையிலிருந்து முழுக் காராக இறக்குமதியாகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2026 ஜனவரியில் முடிந்த வர்த்தகப் பேச்சில் கார் வரியைப் படிப்படியாகக் குறைக்க இந்தியா ஒப்புக்கொண்டிருக்கிறது. புதுசின் விலை இறங்கினால் பழசின் விலையும் கூடவே இறங்கும். ஆனால் ரூபாயில் அதிகம் இழப்பவர் அதிகம் கொடுத்தவர்தான்.

அப்படியானால் எல்லோரும் பழசு வாங்கிவிடலாமா என்றால், அங்கேதான் சிக்கல் இருக்கிறது. காரின் விலை வருஷா வருஷம் இறங்கும், ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்காது. 75 லட்சத்துக்கு வாங்கினாலும், ஏன் 30 லட்சத்துக்கே வாங்கினாலும், வண்டியைக் காற்றில் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் பையும் அதற்குக் காற்றடைக்கும் கம்ப்ரஸரும் எல்.இ.டி. ஹெட்லைட்டும் ஒரு கோடி ரூபாய் காரின் விலையில்தான் வரும். பழைய சொகுசு எஸ்.யூ.வி. வாங்கி மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். வாங்குகிற தொகையில் பத்து முதல் பதினைந்து சதவீதத்தை ரிப்பேருக்கென்று தனியாக வைக்க முடியாதவர் இந்தப் பக்கமே வரக்கூடாது என்பது என் கருத்து.

என்ன பார்த்து வாங்குவது

சாதாரண செகண்ட் ஹேண்ட் கார் பார்ப்பதுபோல் பெயின்ட்டையும் ஓடோமீட்டரையும் பார்த்துவிட்டு இதை எடுக்க முடியாது. பார்க்கவேண்டியது எல்லாம் அடியில் இருக்கிறது.

முதலில் சஸ்பென்ஷன். சாயங்காலம் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் சக்கர மையத்திலிருந்து மேலே இருக்கும் வளைவு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் மறுபடியும் அளங்கள். நான்கும் சேர்ந்து கொஞ்சம் இறங்கியிருந்தால் பயப்படவேண்டாம், வண்டி தன்னைத்தானே சமப்படுத்திக்கொள்ளும்போது அப்படி ஆகும். ஒரு மூலை மட்டும் இரண்டு விரல் அளவுக்கு உட்கார்ந்திருந்தால் அந்தப் பையிலோ இணைப்பிலோ காற்று கசிகிறது. கசிகிற பை கம்ப்ரஸரை ஓயாமல் ஓடவைக்கும், கடைசியில் அதையும் காலி பண்ணிவிடும். ராத்திரி வண்டியை விட்டுப்போக விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், காலையில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். இன்ஜின் சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்து லோ ரேஞ்ச், அதாவது செங்குத்தான ஏற்றத்திலும் சேற்றிலும் மெதுவாக, பலமாக ஏறுவதற்கான கியர். நம்மூரில் இந்த வண்டிகளில் பெரும்பகுதி ஈ.சி.ஆர். தாண்டிப் போனதில்லை. அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. லோ ரேஞ்சுக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் கேஸின் மோட்டார், வருஷக்கணக்கில் தொடாமல் விட்டால், சிக்கிக்கொண்டிருக்கலாம். பிரேக்கை மிதித்து நியூட்ரலில் வைத்து லோ ரேஞ்ச் போடுங்கள். மெல்லிய ஒரு தட்டுச் சத்தத்தோடு விழவேண்டும். விளக்கு மின்னிக்கொண்டே இருந்தாலும், எச்சரிக்கை வந்தாலும், வண்டியை லிஃப்டில் ஏற்றாமல் அடுத்த பேச்சுக்குப் போகவேண்டாம்.

உண்மையிலேயே மலையும் ஆறும் பார்த்த வண்டி என்றால், சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரென்ஷியலின் ஆயிலைப் பாருங்கள். லிஃப்டில் ஏற்றியதும் மெக்கானிக்கிடம் ஃபில்லர் போல்ட்டைக் கழற்றச் சொல்லி விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் கறுத்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, பேரிங் துருப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம்.

தண்ணீர் என்றதும் சென்னைக்காரர்களுக்கு 2015-உம் 2023 மிக்ஜாமும் நினைவுக்கு வரும். டிஃபெண்டர் 900 மில்லிமீட்டர் ஆழத்தில் போகும் என்று கம்பெனி சொல்வது உண்மைதான். அது தண்ணீரைக் கடந்து போவதற்கு. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் ஒரு ராத்திரி முழுக்க மூழ்கிக் கிடப்பது வேறு, தரைக்கு அடியில் இருக்கும் வயரிங்கும் கன்ட்ரோல் பெட்டிகளும் அதைத் தாங்காது. இனி ரிப்பேருக்கு லாயக்கில்லை, டோட்டல் லாஸ் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி எழுதி ஏலத்தில் போன வண்டிகள் துடைத்து மெருகேற்றித் திரும்பி வருவதுண்டு. சீட்டை வாட்டர் வாஷ் பண்ணிவிடலாம், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. நீங்கள் இழுங்கள். சுருளின் அடியில் இருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால் அப்படியே வந்துவிடுங்கள். பின்பக்க மிதியடித் துணியைத் தூக்கி கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரித்தது. டயர் தேயாமல் இருந்தாலும் ஐந்தாறு வயதானால் மாற்றச் செலவைப் பேரத்தில் சேர்த்துவிடுங்கள். பி.எஸ். 6 டீசல் என்றால், நகரத்துக்குள்ளேயே குறுகிய தூரம் ஓடிய வண்டியில் புகை வடிகட்டி அடைத்திருக்கும் வாய்ப்பு உண்டு. ஸ்கேனர் போட்டால் சொல்லிவிடும். பெட்ரோல் என்றால் டேங்க் மூடியின் உட்பக்கம் எந்த எத்தனால் கலவை வரை அனுமதி என்று இருக்கும், இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 ஊருக்கு ஊர் வந்துவிட்டதால் அதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

காகிதங்கள்

டெல்லிப் பகுதியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை வந்தபோது, அந்த வயதை நெருங்கிய வண்டிகள் குறைந்த விலையில் தெற்கே வந்தன. அங்கிருந்து வரும் வண்டியின் விலையைப் பார்த்து மயங்கவேண்டாம். அங்கிருந்து என்.ஓ.சி. என்ற தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, வயதுக்கேற்ற வரியும் கட்டவேண்டும். அந்தத் தொகையை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மலிவா இல்லையா என்று சொல்லமுடியும். புதுச்சேரி நம்பர் வண்டிக்கும் இதே எச்சரிக்கை. குறைந்த வரிக்காக அங்கே பதிந்துவிட்டு இங்கே ஓட்டிய வண்டி என்றால், அந்தச் சிக்கல் உங்கள் கைக்கு வரும். கடனுக்கு அடமானத்தில் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா, எத்தனையாவது ஓனர் என்பதையெல்லாம் அரசின் எம்பரிவாஹன் செயலியிலேயே பார்த்துவிடலாம்.

இன்னும் பழசு

மூன்று நான்கு வருஷ வண்டி பற்றிச் சொன்னதை எட்டு பத்து வருஷ வண்டிக்கு நீட்டவேண்டாம். அங்கே பிராண்டைப் பொறுத்துப் பதில் தலைகீழாகும். டிஸ்கவரி 4 ஓட்டுவதற்கு அருமையான வண்டி, இன்றைக்கும் அதன் சவாரி எனக்குப் பிடிக்கும். ஆனால் அதன் வி6 டீசலில் கிராங்க்ஷாஃப்ட் பேரிங் போவது உலகம் முழுக்கத் தெரிந்த பிரச்சினை. ஆயில் மாற்றிய ரசீது ஒவ்வொன்றும் கையில் இல்லாத டிஸ்கவரியை எந்த விலைக்கும் வாங்கவேண்டாம். டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 200 வேறு ரகம். ஏணி போன்ற எஃகுச் சட்டத்தின் மேல் கட்டிய லேடர் ஃப்ரேம் வண்டி, 4.5 லிட்டர் வி8 டீசல், லட்சம் கிலோமீட்டர்கள் அதற்கு ஒரு பொருட்டில்லை. அதனாலேயே விலையும் இறங்குவதில்லை. புதிய லேண்ட் க்ரூஸர் 300 இரண்டு கோடிக்கு மேல் என்பதால், நல்ல 200 ஒன்று கிடைத்தால் பழசில் பணம் போட ஏற்ற வண்டி அதுதான் என்பேன்.

இதற்கு நடுவே மூன்றாவதாக ஒன்றும் நிற்கிறது, புது ஃபார்ச்சூனர் ஃபோர் வீல் டிரைவ். தமிழ்நாட்டில் ஆன்ரோடு ஐம்பது லட்சத்தை ஒட்டி வரும். சவாரியிலும் உட்புறத்திலும் டிஃபெண்டருக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் 2.8 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர், லோ ரேஞ்ச், பெங்களூரு பக்கத்தில் பிடதியில் தயாரிப்பு, பக்கத்து மாவட்டத் தலைநகரிலேயே சர்வீஸ். வால்பாறையிலோ கோத்தகிரியிலோ எஸ்டேட் வைத்துக்கொண்டு தினமும் மண்பாதையில் ஏறி இறங்குபவருக்கு, பழைய டிஃபெண்டரைவிட இதுதான் சரி. வண்டி நின்றுபோனால் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ டோ பண்ணி, வெளிநாட்டிலிருந்து பார்ட் வரும்வரை காத்திருக்கும் நிலைமை அவருக்குக் கட்டுப்படியாகாது.

எட்டு பத்து வருஷம் கையில் வைத்திருப்பேன், எனக்குப் பிடித்த இன்ஜினில்தான் வேண்டும் என்பவர் புது டிஃபெண்டர் எடுக்கலாம். சரிவு இருக்கும், ஆனால் அத்தனை வருஷத்துக்கு அது பரவிவிடும். மூன்று நான்கு வருஷத்தில் மாற்றுகிற பழக்கம் உள்ளவர் புதுசு எடுப்பது வீண் செலவு. அவர் இரண்டு மூன்று வயதான டீசல் 110-ஐ, முடிந்தால் கம்பெனியே சோதித்து வாரண்டியோடு விற்கும் பிரிவிலிருந்து எடுக்கட்டும். வெளி டீலரைவிட சில லட்சம் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுக்கலாம். வாரண்டியே இல்லாத ஐந்து வயது ஐரோப்பிய வண்டியை மலிவு என்பதற்காக எடுப்பதைத்தான் நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மீதமிருக்கும் வாரண்டியும் சர்வீஸ் பேக்கேஜும் உங்கள் பெயருக்கு மாறுமா, அதற்கு என்ன நிபந்தனை என்பதை, சேஸிஸ் நம்பரைக் குறிப்பிட்டு, சர்வீஸ் சென்டரிலிருந்து ஈமெயிலில் வாங்கிவிடுங்கள். டீலர் வாயால் சொல்வது போதாது.