முதலமைச்சர் காப்பீடா, தனியார் பாலிசியா?

தமிழ்நாட்டில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்தான். பிரீமியம் கிடையாது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் இல்லாத மருமகள், குழந்தைதான் வழக்கமான சிக்கல். முதலில் அவர்கள் பெயரை அட்டையில் சேர்த்துவிடுங்கள். பட்டியலில் உள்ள சிகிச்சை, பட்டியலில் உள்ள மருத்துவமனை மட்டுமே. சாதாரணக் காய்ச்சலுக்கு வெளிநோயாளியாகப் போனால் செல்லாது.

தனியார் பாலிசியில் மருத்துவமனைத் தேர்வு விரிவு, ஆனால் காத்திருப்புக் காலம் உண்டு; அது முடியும் வரை பணம் கிடைக்காது. விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம். சர்க்கரை நோயை மறைத்து எழுதினால், கிளெய்ம் (காப்பீட்டுத் தொகை கேட்பது) நிராகரிக்கப்படலாம்.

பலர் கவனிக்காதது அறை வாடகை வரம்பு, அதாவது மருத்துவமனை அறைக்கு ஒரு நாளுக்கு பாலிசி தரும் உச்சத் தொகை. வரம்பு 5,000 இருக்க 10,000 ரூபாய் அறை எடுத்தால், வாடகையோடு மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணமும் பாதியாக வெட்டப்படலாம். பிரீமியம் சற்றுக் கூடினாலும் வரம்பில்லாத பாலிசியே மேல். பிடிக்காவிட்டால், கிளெய்ம் எதுவும் செய்யாத வரை, பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.